மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் பெட்டரி வாங்கும் முன்



நம் தோட்டங்களிலிருந்து திருகோணமலைப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகள், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், கடைகள் என்று எங்கு வேலை செய்தாலும் பலருக்குப் போக்குவரத்து மோட்டார் சைக்கிள்தான். விடுமுறைக்கு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக மலைக்கு வருவதும் அதில்தான். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலம் முழுவதும் பழைய வண்டியைத்தான் காப்பாற்றி ஓட்டினோம். 2022இல் பெட்ரோல் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டிகளில் எத்தனையோ பெட்டரிகள் செத்துப் போயின.

புதுப் பெட்டரி என்றால் பல நாள் சம்பளம். "ஏதோ ஒண்ணு வாங்கிப் போட்டா ஓடும்" என்று வாங்கினால் அந்தக் காசு சில மாதத்தில் கரைந்துவிடும். ஆகவே இந்த இதழில் பெட்டரிப் பாடம் படிப்போம்.

1. செத்தது பெட்டரிதானா?

செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம், ஹோர்ன் கம்மிப்போன குரலில் அழுகிறது என்றால் உடனே பெட்டரி மேல் பழி போடக் கூடாது. முதலில் பியூஸைப் பாருங்கள். பெட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் வருத்தம் இங்கேதான்.

பிறகு கராஜில் மீட்டர் வைத்து மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

முதலாவது, வண்டி சில மணி நேரம் நின்ற பின். நல்ல 12 வோல்ட் பெட்டரி நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.0 என்றால் அநேகமாகக் காலி.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. சார்ஜ் நிறைந்த பெட்டரியிலும் அளவு 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரி உள்ளே தளர்ந்துவிட்டது.

மூன்றாவது, எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது. ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்கும் குறைவு என்றால் வண்டி பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை. 15க்கும் மேல் என்றால் அளவுக்கு மீறிக் கொடுத்துப் பெட்டரியைக் காய்ச்சுகிறது. இரண்டிலும் குற்றவாளி ரெகுலேட்டரோ காயிலோ வயரோதான். அதைத் திருத்தாமல் புதுப் பெட்டரி போட்டால் புதியதும் பழையதன் வழியே போகும்.

2. பெட்டரியின் மேல் உள்ள எண்கள்

வோல்ட்: இன்றைய வண்டிகள் 12 வோல்ட். மிகப் பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட். இதை மாற்றிப் போடவே கூடாது.

அம்பியர் மணி: இது பெட்டரி என்ற குடத்தின் கொள்ளளவு. உதைத்து ஸ்டார்ட் செய்யும் சிறு வண்டிக்கு 2.5 போதும். செல்ஃப் உள்ள 100, 125 சி.சி. வண்டிகளுக்கு 4 அல்லது 5 அளவிலும், 150 சி.சி. வண்டிகள் சிலவற்றுக்கு 7 முதல் 9 வரையிலும் வரும். சரியான எண் வண்டியோடு தந்த கைநூலில் அல்லது கம்பனி போட்ட பெட்டரியின் மேல் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 வோட் லைட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 3 அம்பியர். எஞ்சினை நிறுத்திவிட்டு இந்த லைட்டைப் பெட்டரியில் எரிய விட்டால் 5 அம்பியர் மணிப் பெட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கூடுதல் லைட், பெரிய ஹோர்ன் பூட்டும் தம்பிமார் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

நீளம், அகலம், உயரம், கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். முனை மாறினால் வயர் எட்டாது. இழுத்துப் பூட்டினால் ஆபத்து. பழைய பெட்டரியைக் கையோடு கொண்டுபோவதே நல்ல வழி.

3. எந்த வகை?

தண்ணீர் ஊற்றும் வகை விலை குறைவு. ஆனால் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, காய்ச்சி வடித்த நீர் மட்டும் விட வேண்டும். பீலித் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். காற்றுக் குழாய் மடங்காமலும், சங்கிலி மேல் ஆசிட் சொட்டாமலும் இருக்க வேண்டும்.

மூடிய வகைக்குத் தண்ணீர் தேவையில்லை. குண்டுங்குழியுமான தோட்ட ரோட்டுக்கு இது நல்லது. ஆனால் ரெகுலேட்டர் பழுதான வண்டியில் இது சீக்கிரம் காய்ந்துவிடும். திறந்து நீர் விடவும் முடியாது. ஆகவே மூன்றாவது அளவீடு சரியாக இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

லிதியம் வகை எடை குறைவு, விலை அதிகம். வண்டியின் சார்ஜ் முறை அதற்குப் பொருந்த வேண்டும். நம் தேவைக்கு அது அவசியமில்லை.

எப்.ஐ. வண்டிகள் பலவற்றில் பெட்டரி முழுதாகச் செத்தால் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

4. மலைக் குளிரும் திருமலை வெயிலும்

குளிரில் பெட்டரியின் பலம் குறையும். அதனால்தான் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் வண்டி முரண்டு பிடிக்கும். அது தற்காலிகம். வெயில் செய்வது நிரந்தரச் சேதம். வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடினால் பெட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மலையில் மூன்று நான்கு வருடம் உழைத்த பெட்டரி திருமலையில் அதற்கு முன்பே களைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அங்கே இருக்கும் பிள்ளைகள் வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். தண்ணீர் வகையானால் இரு வாரத்துக்கு ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு முனைகளை அரிக்கும். அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, காய்ந்த பின் வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது முதலில் கழித்தல் முனை. பூட்டும்போது முதலில் கூட்டல் முனை.

5. கடையில் கேட்க வேண்டியவை

உற்பத்தித் திகதி என்ன? அலுமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டரி புதியதல்ல. உத்தரவாதம் எத்தனை மாதம்? அட்டையில் திகதியும் முத்திரையும் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஆசிட் ஊற்றிய புதுப் பெட்டரியை உடனே பூட்டி ஓட்டக் கூடாது. முதல் சார்ஜை மெதுவாக ஏற்ற வேண்டும். 5 அம்பியர் மணிப் பெட்டரிக்கு அரை அம்பியர் வீதம் பல மணி நேரம். "அவசரமில்லை பாஸ், நாளைக்கு வந்து எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். சார்ஜ் ஏறும் பெட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரட், குப்பி விளக்கு கூடாது.

6. பழைய பெட்டரியை லயத்தில் வைக்காதீர்கள்

இது மிக முக்கியமான பாடம். பெட்டரியின் உள்ளே இருப்பது ஈயம். அதன் தூசும் புகையும் சிறுபிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். செனகல் நாட்டில் தலைநகர் டாக்கருக்கு அருகே தியாரோய் என்ற இடத்தில் பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 பிள்ளைகள் ஈய நஞ்சினால் இறந்தார்கள்.

ஆகவே பெட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்க்கவென்று யாராவது தகடு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆசிட்டைக் கானில் ஊற்றாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். காசும் மிச்சம், பிள்ளைகளும் பத்திரம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

அ. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 12.4 காட்டுகிறது. பெட்டரி வாங்கலாமா?
ஆ. நம் வண்டியின் பெட்டரி எத்தனை அம்பியர் மணி?
இ. லயத்தின் பின்னால் பழைய பெட்டரி ஏதும் கிடக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்றால், இந்தச் சனிக்கிழமையே அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.