சிறுத்தைப் பல்லிக்கு ஒரு வீடு

பல்லி என்றவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பஞ்சாங்கம்தான். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய நம்மிடையேயும், காசு கொடுத்துப் பல்லி வாங்கி வளர்க்க விரும்பும் நண்பர்கள் இன்று தோன்றியிருக்கிறார்கள். விலங்கியல் பயில்பவன் என்ற முறையில், சிறுத்தைப் பல்லிக்குப் பெட்டி அமைப்பது எப்படி என்ற கேள்வி என்னிடம் பலமுறை வந்துவிட்டது. அதற்கு விடையாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. காட்டில் திரியும் உயிரைப் பிடித்து வந்து வளர்க்கலாகாது. கடையில் விற்கிறார்கள் என்பதனாலேயே ஒன்றை வளர்ப்பது முறையாகிவிடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 2022இல் வந்த திருத்தமும் நம் முன் இருக்கின்றன. வனத்துறையினரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

பல்லியின் இயல்பு

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சிசாலையைக் கவனித்து வந்த எட்வர்டு பிளைத் என்பவர், 1854இல் இப்பல்லியை விவரித்து அறிவியல் பெயர் சூட்டினார். யூபிளெபாரிஸ் என்ற இனப்பெயருக்கு நல்ல இமையுடையது என்பது பொருள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. நாவினால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லியோ நம்மைப் போலவே கண்ணை மூடித் திறக்கும். சுவர்ப் பல்லிக்குள்ள ஒட்டும் விரலடியும் இதற்கில்லை. ஆகவே கண்ணாடிச் சுவரில் இது ஏறாது, தரையில்தான் நடமாடும். நஞ்சு சிறிதும் இல்லை.

ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறைக் குன்றுகளே இதன் தாயகம். பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்தபின் இரை தேடப் புறப்படும். பாலைவனப் பிராணி என்று எண்ணிப் பெட்டி நிறைய மணலைக் கொட்டுவோர் இவ்விடத்தில்தான் தவறுகிறார்கள். அதன் ஊர் மணற்குன்றன்று. கல்லும் கெட்டி மண்ணும் கலந்த நிலம்.

எல்லாவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. நமது உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பல்லியோ அதை வெளியிலிருந்து பெற வேண்டும். தின்ற இரை செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும் அவ்வெப்பமே துணை. இதன் முட்டையைச் சுமார் 26 பாகை செல்சியஸில் வைத்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறக்கின்றன. 32 பாகையைச் சற்றுத் தாண்டினால் ஆண்கள் மிகுதியாகின்றன. மேலும் இரண்டு பாகை ஏற்றினால் மீண்டும் பெண்களே மிகுகின்றன. பிறக்கும்போது ஆணா பெண்ணா என்பதையே வெப்பம் தீர்மானிக்கிறதென்றால், வாழும்போது அதன் செல்வாக்கு எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமோ? ஆகவே நாம் அமைக்கும் பெட்டி வெறும் கூண்டன்று. அப்பல்லியின் உடலில் ஒரு பாதி என்றே கருத வேண்டும்.

பெட்டியும் வெப்பமும்

வளர்ந்த பல்லி 20 முதல் 25 செண்டிமீட்டர் நீளமிருக்கும். ஒன்றுக்கு 90 செண்டிமீட்டர் நீளமும், 45 செண்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உள்ள பெட்டி வசதியானது. உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். காற்றோட்டம் வேண்டும், மூடி இறுகப் பொருந்த வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு பல்லி போதும். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும்.

பெட்டி முழுவதையும் ஒரே அளவாகச் சூடாக்கக் கூடாது. ஒரு கோடியில் பல்லி படுக்கும் கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 பாகை வரை இருக்கட்டும். மறுகோடி 25 பாகையை ஒட்டியிருக்கட்டும். வேண்டும்போது சூட்டுக்கும், போதுமென்றால் குளிர்ச்சிக்கும் அது தானே நடந்துகொள்ளும். மேலிருந்து வெப்பம் தரும் விளக்கோ, தரையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வெப்ப விரிப்போ போதும். எதுவாயினும் தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தே பயன்படுத்த வேண்டும். கட்டுப்பாடில்லாத விரிப்பும், மின்சாரத்தால் சுடும் செயற்கைக் கல்லும் வயிற்றைப் பொசுக்கிவிடும்.

மேலைநாட்டு நூல்கள் சூடாக்கும் வழியையே விரித்துரைக்கின்றன. நம் நாட்டில் சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். அறையே 40 பாகையாக இருக்கும்பொழுது பல்லி எந்த மூலைக்குப் போகும்? அக்காலத்தில் விளக்கை நிறுத்திவிட்டு, வீட்டின் உள்ளறையில் தரையையொட்டிப் பெட்டியை வைக்க வேண்டும். சன்னலோரம் எக்காலத்திலும் ஆகாது. வெயில் பட்ட கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

மறைவிடமும் தரையும்

மறைவிடங்கள் மூன்று வேண்டும். சூடான கோடியில் ஒன்று, குளிர்ந்த கோடியில் ஒன்று, நடுவே ஈரமானது ஒன்று. விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கவிழ்த்த மண்சட்டியின் விளிம்பில் வாயில் போல் உடைத்து, கூர்முனையைத் தேய்த்துவிட்டால் போதும். ஈர மறைவிடத்தினுள் நனைத்த தேங்காய் நார்த்தூளைப் பரப்புக. பல்லி தோலுரிக்கும்போது இந்த ஈரம் இல்லாவிட்டால், பழைய தோல் விரல்களைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரலே விழுந்துவிடும். வீட்டுப் பல்லிகளில் இவ்விதம் விரலிழந்தவை பல.

புதிதாக வந்த பல்லிக்கு முதல் சில வாரங்கள் வெறும் காகிதம் விரிப்பதே நலம். எச்சத்தைப் பார்த்து உடல்நிலையை அறியலாம். பிறகு கடப்பைக்கல், சொரசொரப்பான ஓடு, அல்லது மண்ணும் மணலும் கலந்து கெட்டிப்பட்ட தரை அமைக்கலாம். சுண்ணாம்புச் சத்து மணல் என்று விற்பதை விலக்குக. இரையோடு விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

ஒளியும் உணவும்

பகல் பன்னிரண்டு மணி நேரம் ஒளியும் மற்றப் பொழுது இருளும் வேண்டும். மென்மையான புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு ஒன்றிருந்தால் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அவ்வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பு மெலிந்து வளைந்துவிடும்.

உணவு உயிருள்ள பூச்சிகளே. சோறும் கீரையும் உண்ணாது. வளர்ப்புச் சில்வண்டுகளை நன்றாகத் தீனியிட்டுக் கொழுக்கச் செய்து, சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி ஆகாது. குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரை போதும். மருந்து தெளித்த வயலின் பூச்சி வேண்டா. தண்ணீர்க் கிண்ணம் என்றும் இருக்கட்டும். பல்லியைத் தொட்டபின் சோப்பினால் கைகழுவுதல் அவசியம். சால்மொனெல்லா என்னும் கிருமி அதன் மேல் இருக்கக் கூடும்.

விடுதி மாணவருக்கு

நன்கு பேணினால் இப்பல்லி பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். நமது பட்டப்படிப்போ மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் நீண்ட விடுமுறை வேறு. ஊருக்குப் புறப்படும்போது, பூட்டிய அறையில் யார் வெப்பம் பார்ப்பார்கள், மின்சாரம் நின்றால் யார் கவனிப்பார்கள்? இரண்டு நாள் இரையில்லாமல் தாங்கும். வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கிறது. வெப்பமின்றியோ, மிகு வெப்பத்திலோ அவ்வாறு தாங்காது.

ஆகையால், என்னைக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பெட்டியை மட்டும் அமையுங்கள். இரு கோடியிலும் வெப்பமானி வைத்து, காலையும் மாலையும் ஒரு மாதம் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பேடு விட்டுப்போகாமல் நிறைந்தால் பல்லியைப் பற்றி யோசிக்கலாம். பாதியில் நின்றுவிட்டால், காலிப் பெட்டியோடு போயிற்று. ஓர் உயிர் அதில் சிக்கவில்லை.