நிலம் வாங்குவோர் வக்கீலிடம் போக வேண்டிய நேரம்

நம் வியாபாரச் சகோதரர்களிற் பலர் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணிப் பக்கங்களில் கடைவீடோ, பால்மரத் துண்டோ வாங்குகிறார்கள். நல்ல காரியமே. ஆனால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி அரிசி எடுத்துப் பார்க்காமல் விலை பேசாத நாம், நிலத்துக்கு மட்டும் தரகர் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு வக்கீலைத் தேடுகிறோம். அவரிடம் போக வேண்டிய நேரம் முன்பணத்துக்கு முன்பு. அதற்குரிய காரணங்களைக் கவனிப்போம்.

முதலாவது, கிராண்டு. 1966 முதல் நடைமுறையில் உள்ள தேசிய நிலச் சட்டப்படி, நில இலாகாவின் பதிவேட்டில் உள்ள பெயரே உடைமைக்கு ஆதாரம். விற்பவர் காட்டும் நகல் பழையதாகவோ போலியாகவோ இருக்கலாம். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்னும் சயாம் தேசத்து மாதின் நிலத்தை, அவர் கையெழுத்தைப் போலியாக இட்டு விற்றுவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், வாங்கிய கம்பெனிக்கே நிலம் என்றது. 2010-இல் அதே நீதிமன்றம், வேறொரு வழக்கில், அத்தீர்ப்பு தவறு என்று கூறிற்று. ஆகவே இன்று போலிப் பத்திரத்தின் மேல் நேரே வாங்கியவர், நல்லெண்ணத்தோடு முழுப் பணம் கொடுத்திருந்தாலும், நிலத்தை இழக்க நேரும். விற்பவர் உண்மையான உடைமைக்காரர்தாமா என்று பார்ப்பது வாங்குகிறவர் கடமையாகிவிட்டது.

இரண்டாவது, மலாய் ரிசர்வ் நிலம். "நாமும் முஸ்லிம்கள்தாமே" என்று சிலர் எண்ணுகிறார்கள். மார்க்கம் மட்டும் போதாது. கெடாவின் ரிசர்வ் சட்டப்படி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசுவதோடு, தாய் தந்தையரில் ஒருவராவது மலாய் இனத்தவராகவோ அரபு வம்சத்தவராகவோ இருக்க வேண்டும். சட்டத்துக்கு மாறான விற்பனை செல்லாது. "பெயருக்கு ஒரு மலாய்க்காரரை வைத்துக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, கிராண்டில் எழுதியுள்ள நிபந்தனைகள். மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றக்கூடாது என்றிருக்கலாம். விவசாயத்துக்கு மட்டும் என்றிருக்கலாம். அங்கே கடை கட்ட நினைத்தவர் என்ன செய்வார்? இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களும் அனுமதி பெற்றே வாங்க வேண்டும்.

நான்காவது, கூட்டு. நால்வர் பணம் போட்டு, பத்திரத்தில் ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது நம்மிடையே உள்ள வழக்கம். அவர் மௌத்தானால் அவருடைய வாரிசுகள் நிலம் முழுவதையும் கேட்பார்கள்; மற்ற மூவருக்கும் கையில் என்ன அத்தாட்சி? கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி நம் வேதமும் கற்பிக்கிறதே. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டமானால், தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் முன்கூட்டியே தேவை.

செலவைக் கருதித் தயங்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டுக் கட்டண விதிப்படி, முதல் 5 இலட்சம் வெள்ளிக்கு வக்கீல் கூலி நூற்றுக்கு ஒன்றேகால். 3 இலட்சம் வெள்ளிக் கடைவீட்டுக்கு 3,750 வெள்ளி. முத்திரை வரியும் சில்லறைச் செலவும் வேறு. விற்பவரின் வக்கீல் விற்பவருக்காக உழைப்பவர். நமக்கென்று ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் ஆனதும், பிறருக்கு விற்க முடியாதபடி நிலத்தின் மேல் கேவியட் போட்டு வைப்பதும் அவர் வேலை.

ஆகவே சகோதரர்களே, தரகர் "இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் கைநழுவிவிடும்" என்று அவசரப்படுத்தும்போது, "கிராண்டு எண்ணைக் கொடுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள். நேர்மையாக விற்கிறவர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.