வலீயின் உரிமை எதுவரை?

வாலிபன் ஒருவனும் பெண் ஒருத்தியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இருவரும் முஸ்லிம்கள், தமிழ் பேசுவோர். ஆயினும் ஒரு வீட்டில் தகப்பனாரை 'அத்தா' என்பர், மறு வீட்டில் 'வாப்பா' என்பர். இவர்கள் ராவுத்தர், ஹனஃபி. அவர்கள் மரைக்காயர், ஷாஃபி. சம்பந்தம் பேச வந்தவர்கள் தேநீர் குடியாமல் எழுந்து போக இவ்வளவு போதும்! பெண் மலாய்க் குடும்பத்தவளாயின் கேட்கவே வேண்டாம்.

"நானே வலீ, நான் சம்மதியேன்" என்று தகப்பனார் சொல்லும் சொல்லுக்கு மார்க்கத்தில் என்ன எடை என்று பார்ப்போம். ஷாஃபி மத்ஹபில் வலீயின்றி நிக்காஹ் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தானே மண ஒப்பந்தம் செய்யலாம். மணமகன் குஃபூ, அதாவது நிகரானவன், அல்லனாயின் வலீ ஆட்சேபிக்கலாம். குஃபூவில் வமிசத்தையும் சட்ட நூல்கள் பேசுவது மெய்யே. மாலிக் இமாமோ மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள்.

மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்களின் வரலாறு புகாரியில் உள்ளது. தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். அவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தா கழிந்தபின் அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். அவளுக்கும் அவரிடம் திரும்பவே விருப்பம். மஃகிலுக்கோ அடங்காத கோபம். ஒருபோதும் தரேன் என்று ஆணையிட்டார்கள். அப்போதுதான், இருவரும் முறைப்படி மனமொத்திருக்கையில் தடுக்காதீர்கள் என்ற அல்பகரா 232ஆம் வசனம் இறங்கியது. மஃகில் உடனே இணங்கி மணமுடித்து வைத்தார்கள். அவருக்காவது சொல்ல ஒரு காரணம் இருந்தது. ஊர்ப் பெயரைக் காட்டி மறுப்பவருக்கு என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி, வலீ மறுக்கும் காரணம் திருப்தியளிக்காவிடில் காதி விசாரித்துத் தாமே நிக்காஹை நடத்தி வைக்கலாம். மலேசியாவில் ஷரீஅத் நீதிமன்றத்தின் அனுமதியோடு வலீ ஹாக்கிம் நடத்தி வைப்பார்.

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 'முறைப்படி' என்ற சொல் அதே வசனத்தில் உள்ளது. வழி இருக்க, சிலர் எல்லை தாண்டித் தென் தாய்லாந்தில் மணந்து வருகின்றனர். ஊர் திரும்பியபின் பதிவுக்காக ஷரீஅத் நீதிமன்றத்தின் படியைத்தான் ஏறவேண்டும். அனுமதியின்றி மணந்ததற்கு அபராதமும் விழலாம்.