பூர்வீகம் தேடும் நகரத்தார் பிள்ளைகளுக்கு…

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் வரும் வெளியூர்ப் பிள்ளைகளே, அப்படியே உங்கள் வம்சாவளியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பங்கள் மாதாகோயில் பதிவேடுகளை வைத்து 1600கள் வரை வேர் தேடுகின்றன. நமக்கும் வழி இருக்கிறது.

* முதலில் கோயிலைக் கேளுங்கள். இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எது, எந்தப் பிரிவு? கல்யாணத்துக்குப் பூமாலை அனுப்பும் அந்தக் கோயிலில் புள்ளிக் கணக்கும் (மணமான குடும்பங்களின் பதிவு) உண்டு.

* விலாசத்தை (பெயருக்கு முன்வரும் முன்னெழுத்துகளை) விரித்து எழுதுங்கள். 'ராம.அழ.சித.' என்றால் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு முன்னோரின் பெயர்.

* பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைப்பது வழக்கம். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் மனைவி பெயரையும் வருடத்தையும் குறியுங்கள்.

* விலாசம் திடீரென மாறினால், பிள்ளை கூட்டியிருக்கிறார்களா (தத்தெடுத்திருக்கிறார்களா) என்று விசாரியுங்கள். பெற்ற வீடு, வந்த வீடு இரண்டையும் எழுதுங்கள்.

* பெட்டகத்தில் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), முறைச்சிட்டை (சீர்முறைப் பட்டியல்), பர்மா, மலேயாக் கணக்கேடுகளைத் தேடுங்கள். பெண்வழிப் பெயர்களும் ஊர்களும் அவற்றில் கிடைக்கும்.

* சிவகங்கை மாவட்டம் 1985இல் பிறந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் ராமநாதபுரம் என்றும், 1910க்கு முன் மதுரை ஜில்லா என்றும் இருக்கும்.

* முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளில் பங்காளிகள் கூடுவார்கள். ஆச்சிமார் சொல்வதை அங்கேயே போனில் பதிவு செய்யுங்கள்.

ஏடுகளைக் கரையான் தின்னுமுன் படமெடுத்து, பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.