குதிரை லாயமும் வாசனைகளும்

கரிசல் நாட்டில் உழவுக்கும் பாரவண்டிக்கும் நெடுங்காலம் காளையே பிரதானமாய் இருந்தது. பின்னர் டிராக்டரும் லாரியும் அவ்விடத்தைப் பெற்றன. குதிரையின் எண்ணிக்கை இப்பகுதியில் என்றும் மிகுதியன்று. ஆயினும் கோவில் கொடைகளையொட்டி நடைபெறும் வண்டிப் பந்தயங்களை முன்னிட்டு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் நிலச்சுவான்தார்கள் சிலர் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கி வளர்த்து வருகின்றனர். வாங்கிய சில மாதங்களில், சாதுவாயிருந்த குதிரை தீனியைத் தள்ளுவதும், லாயத்திற்குள் நுழைய மறுப்பதும், ஆளைக் கடிக்க வருவதும் உண்டு. அதனைக் குணக்கேடு என்று கொண்டு சவுக்கால் அடிப்பவர்களும், பாதி விலைக்கு விற்றுவிடுபவர்களும் உளர். இக்குறைகளிற் பலவற்றுக்குக் காரணம் குதிரையின் குணமன்று. லாயத்தின் நாற்றமே என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விஷயத்தில் பழைய படிப்பினை ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அக்காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகராகிய மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டரசர்கள் பெரும் பொருள் செலவிட்டு ஆண்டுதோறும் குதிரைகளை வாங்கியதையும், பேணும் வகை அறிந்தார் இன்மையால் அவற்றிற் பெரும்பாலன விரைவில் மாண்டதையும் எழுதிவைத்துள்ளார். வாங்குவதில் தாராளமும் பேணுவதில் அறியாமையும் சேர்ந்தால் நஷ்டமே மிஞ்சும்.

குதிரையின் மூக்கு

குதிரை வாயினால் மூச்சு விடுவதில்லை. மூக்கு ஒன்றினாலேயே சுவாசிக்கும். ஆதலால் லாயத்துக் காற்றில் உள்ளது யாதாயினும் அதன் மூக்கின் வழியே சென்றே தீரும். அதன் நீண்ட முகத்திற்குள் மோப்பத்திற்குரிய மெல்லிய சவ்வு பரந்துள்ளது. அன்றியும், மூக்கின் அடிப்பாகத்தில் ஜேக்கப்ஸன் உறுப்பு என்னும் மற்றொரு மோப்பக் கருவியும் உண்டு. குதிரை தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி நிற்பதைக் கண்டு அது சிரிக்கிறது என்பார்கள். உண்மையில் அது புதிய வாசனையை அவ்வுறுப்பிற்குச் செலுத்திப் பரிசோதிக்கும் செயலே. பெட்டைக் குதிரை பருவத்திற்கு வந்திருப்பதைப் பொலிகுதிரை அறிவதும் இவ்விதமே.

முதலில் நீக்க வேண்டிய நாற்றம்

நல்ல வாசனையைச் சேர்ப்பதற்குமுன் கெட்ட நாற்றத்தை நீக்க வேண்டும். மூத்திரம் தரையில் தங்கிச் சாணத்துடன் கலந்து அழுகும்போது அம்மோனியா என்னும் காரநெடியுள்ள வாயு உண்டாகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும், இருமலுக்கு இடந்தரும், தூசியையும் கிருமிகளையும் வெளித்தள்ளும் சக்தியைக் குறைக்கும். குதிரை தீனி தின்னவும் படுக்கவும் தலையைத் தாழ்த்தும் தரைமட்டத்தில் இந்நெடி அதிகம். லாயத்திலேயே பழகியவனுடைய மூக்குக்கு அது எளிதில் புலப்படாது. ஆகையால், விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் உள்ளே சென்று, முழங்காலில் குந்தி மோந்து பார்க்க வேண்டும். அப்பொழுது கண் கரித்தால் லாயம் குதிரைக்கு ஏற்றதன்று.

கரிசல் மண் நீரை எளிதில் உள்ளே விடாது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் தரையிட்ட லாயம் சேறாகி நாறும். கோடையில் அது வெடித்து, அவ்வெடிப்புகளில் மூத்திரம் இறங்கித் தங்கும். இதற்குப் பரிகாரம், தரையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி, செம்மண்ணும் சரளையும் இட்டுத் திமிசினால் இறுக்கி, பின்புறமாகச் சற்றுச் சரிவு கொடுத்து, வெளியே ஒரு வாய்க்கால் அமைப்பதே. நனைந்த படுக்கையை நாள்தோறும் அகற்றி உலர்ந்த வைக்கோலாவது மணலாவது பரப்புக. பூஞ்சணம் பிடித்த தட்டையையும் வைக்கோலையும் படுக்கையாகவும் தீனியாகவும் உபயோகித்தல் கூடாது. சுவரின் மேற்பாகத்தில் எதிரெதிராகக் காற்றுவழிகள் இருத்தல் அவசியம். அகற்றிய குப்பையை லாயத்திற்கு அப்பால் எருக்குழியிற் சேர்த்து, அதன்மீது சிறிது சூப்பர் பாஸ்பேட் தூவினால் நெடி குறைவதோடு, வீணாகும் தழைச்சத்தும் எருவிலே நின்று நிலத்திற்குப் பயன்படும்.

கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் போடுவதும் சாம்பிராணி காட்டுவதும் வழக்கம். மூடிய லாயத்தில் எவ்வகைப் புகையும் குதிரையின் நுரையீரலுக்குத் தீங்கே. புகை காட்ட வேண்டுமாயின், குதிரையை வெளியே கட்டிவிட்டுக் காட்டி, புகை முற்றும் நீங்கிய பின்னர் உள்ளே கொண்டுவருக. சாணத்தை அன்றன்று நீக்குவதும் வலை கட்டுவதும் புகையைவிட மேலான காவல்.

வாசனைத் தைலங்கள்: பரீட்சைகள் காட்டுவன

மேல்நாடுகளில் லவண்டர் என்னும் மலர்த் தைலத்தைக்கொண்டு குதிரைகளிடம் சில பரீட்சைகள் நடத்தப்பட்டுள்ளன. 2013இல் வெளியான ஒன்றில், பலத்த ஊதுகுழல் ஓசையால் குதிரைகளை மிரளச்செய்து, பின்னர் லவண்டர் கலந்த ஈரக்காற்றைச் சுவாசிக்க விட்டபோது, வெறும் ஈரக்காற்றைச் சுவாசித்த வேளையைக் காட்டிலும் இருதயத் துடிப்பு அதிகமாகத் தணிந்தது. 2018இல் அமெரிக்க நாட்டு அரிஜோனாவில் செய்த பரீட்சையில், அத்தைலத்தை மோந்துகொண்டிருந்த வரையில் அமைதிக்குரிய அடையாளங்கள் தோன்றின. அதை அகற்றியவுடன் அவை நீங்கின. சாமந்தி இனத்தைச் சேர்ந்த கெமோமில் தைலம் அவ்விதப் பயனைத் தரவில்லை.

இவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. தைலத்தின் பயன் மோக்கும் நேரத்தளவே. ஆகவே லாடம் கட்டும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் சிறு துணையாகுமேயன்றி, துஷ்ட சுபாவத்தை மாற்றாது. மேலும், மணமுள்ள தைலமெல்லாம் ஒரே குணமுடையதன்று. லவண்டரில் உள்ள லினலூல் என்னும் பொருளே கரிசலில் மானாவாரியாய் விளையும் கொத்துமல்லி விதைத் தைலத்திலும் மிகுதியாய் உள்ளது. எனினும், பொருள் ஒன்று பொதுவாயிருப்பதால் பயனும் ஒன்றாகும் என்று துணிதல் தவறு.

உபயோகிக்க விரும்புவோர் இரண்டு மூன்று துளிகளைத் துணியில் இட்டு, குதிரையின் வாய்க்கு எட்டாத இடத்தில், கால் மணி நேரத்திற்கு மேற்படாமல் தொங்கவிடலாம். கதவு திறந்திருக்க வேண்டும். குதிரை முகத்தைத் திருப்பினால் உடனே எடுத்துவிடுக. நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் முதலிய காரமானவற்றை நாசியில் தடவுதல் கூடாது. பெட்டையின் வாசனையை மறைக்கப் பொலிகுதிரையின் மூக்கில் இவ்வாறு தடவுவோர் உண்டு. மெல்லிய தோல் புண்ணாவதே இதன் பலன். இரண்டையும் எட்டக் கட்டுவதும், பெட்டையின்மேல் படும் காற்று பொலிகுதிரையின் பக்கம் வராதபடி இடம் அமைப்பதுமே முறை. தைல வகைகளிற் சில பந்தயங்களில் விலக்கப்பட்டவையாதலால், விதிகளை முன்னரே கேட்டறிக.

அச்சந்தரும் வாசனை

டென்மார்க்கில் 2008இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், ஓநாயின் உரோம வாசனையைத் தீனியருகே வைத்தபோது குதிரைகள் எச்சரிக்கையடைந்து குறைவாகத் தின்றனவேயன்றி, இருதயத் துடிப்பு உயரவில்லை. அவ்வாசனையோடு திடீர் ஓசையும் சேர்ந்தபோதோ, துடிப்பு மிக உயர்ந்தது. மீண்டும் தீனிக்கு வருவதற்கும் தாமதமாயிற்று. கொடை நாளில் கிடா வெட்டும் இடத்து இரத்த வாசனையும் வெடியோசையும் ஒன்றுகூடும் இடத்தில் குதிரையைக் கட்டுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். அன்னிய வாசனையால் முன்பே கலங்கியுள்ள குதிரை ஒரு சிறு ஓசைக்கும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஜனக்கூட்டத்தில் பாயக்கூடும். கொடை நடத்துவோரும் கிராம அதிகாரிகளும் குதிரை கட்டும் இடத்தை இவற்றிலிருந்து தொலைவில் ஒதுக்கித் தருதல் வேண்டும். லாயத்தில் பழகிய படுதாவை உடன் கொண்டுபோய் அருகில் போடுவது, அறிமுகமான மணத்தைக் குதிரைக்கு அளிக்கும்.

தீனிக்கு மணம்

குதிரை தீனியை மோந்தே ஏற்கும். 2005இல் வெளியான ஆங்கில நாட்டுப் பரீட்சையில், லாயத்துக் குதிரைகளுக்குப் பலவகை மணமூட்டிய தீனியை வைத்தபோது, அவை மிக விரும்பியது வெந்தயம், அடுத்தது வாழைப்பழம், சீரகமும் விரும்பப்பட்டவற்றுள் ஒன்று. ஆகவே புதிய தவிட்டையோ தாது உப்புக் கலவையையோ குதிரை தள்ளும்போது, பழகிய கொள்ளில் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு சிட்டிகை வெந்தயப் பொடியும் தூவிப் பார்க்கலாம். நாள் சென்றும் தீனியை ஏற்காவிடில், அது மணத்தின் குறையன்று, நோயாகும். தாமதியாது கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

சுருக்கம்

1. தரையை உயர்த்துக, காற்றுக்கு வழி விடுக, நெடியைத் தினமும் விடியலில் சோதிக்க.
2. மூடிய லாயத்தில் புகை காட்டற்க.
3. தைலம் துணையே, மருந்தன்று, நாசியில் தடவற்க.
4. அன்னிய வாசனையும் திடீர் ஓசையும் சேரும் இடத்தில் குதிரையைக் கட்டற்க.
5. குதிரையை அடிக்குமுன், அது நிற்கும் இடத்தை ஒருமுறை மோந்து பார்க்க.

சுத்தமான காற்றுக்குச் செலவில்லை. ஒரு மண்வெட்டியும் தினம் அரைமணி நேர உழைப்புமே போதும். இதனைச் செய்யாதார் எவ்வளவு விலையுயர்ந்த தைலத்தை வாங்கினும் பயன் இல்லை.