வேதபாடம்: திறவுகோலும் அருணோதயமும்



ஆட்வென்ட் ஞாயிறுகளில் பல நாட்டுச் சபைகள் பாடும் பாடல் 'ஓ கம், ஓ கம், இம்மானுவேல்'. அதன் ஒவ்வொரு சரணமும் வேதத்திலுள்ள ஒரு பெயரால் ஆண்டவரை அழைக்கிறது. அந்தப் பெயர்களைச் சற்றுத் தியானிப்போம்.

8ஆம் நூற்றாண்டளவிலேயே வழக்கிலிருந்த ஏழு லத்தீன் அழைப்புகளே இப்பாடலுக்கு மூலம். டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டோடு நாளுக்கு ஒன்றாக இவை பாடப்படுகின்றன. ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், அருணோதயம், ஜாதிகளின் ராஜா, இம்மானுவேல் என்பவை அந்த ஏழு பெயர்கள். 1710இல் ஜெர்மனியில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகத்தில் இவற்றுள் ஐந்து செய்யுளாக வந்தன. ஜான் மேசன் நீல் என்னும் குருவானவர் 1851இல் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

மூன்று பெயர்களை மட்டும் கவனிப்போம்.

1. ஈசாயின் வேர் (ஏசாயா 11:1, 10). வெட்டுண்ட மரத்தின் அடியிலிருந்து துளிர் வருகிறது. தாவீதின் வம்சம் சாய்ந்துபோனாலும் தேவனுடைய வாக்கு சாய்ந்துபோகவில்லை. நம்பிக்கை அற்றுப்போன குடும்பங்களுக்கான பெயர் இது.

2. தாவீதின் திறவுகோல் (ஏசாயா 22:22, வெளிப்படுத்தின விசேஷம் 3:7). அரண்மனைச் சாவி எலியாக்கீமின் தோளில் வைக்கப்பட்டது. அவன் திறந்தால் ஒருவரும் பூட்ட முடியாது. அந்த அதிகாரம் இயேசுவினுடையது என்று யோவான் காண்கிறார். அடைபட்டவர்களை வெளியே கொண்டுவரும்படி பழைய அழைப்பு மன்றாடுகிறது.

3. அருணோதயம் (லூக்கா 1:78, 79, மல்கியா 4:2). இருளில் நடக்கிறவர்களைவிட, எழுந்து நடக்கவும் பெலனின்றி மரண இருளில் உட்கார்ந்திருக்கிறவர்களையே சகரியா நினைக்கிறார். மல்கியாவோ, நீதியின் சூரியன் ஆரோக்கியத்தோடு உதிக்கும் என்கிறார். இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருந்தவர்களுக்கு விடியலின் அருமை தெரியும்.

இப்பாடலின் ராகத்திலும் ஒரு செய்தி உண்டு. அது 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளின் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருப்பதை மேரி பெரி என்பவர் 1966இல் வெளியிட்டார். அங்கே அது அடக்க ஆராதனை ஊர்வலத்திற்குரிய ராகம்! கல்லறைக்குப் போகும் வழியில் பாடப்பட்ட ராகத்தில்தான் பாலகனின் வருகைக்காக இன்று சபை பாடுகிறது. துக்கத்தை மறைத்துவிட்டு அல்ல, துக்கத்தின் நடுவிலிருந்தே 'வாரும்' என்று அழைக்கலாம் என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

ஏழு லத்தீன் பெயர்களின் முதல் எழுத்துகளைப் பின்னிருந்து வாசித்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்பது அதன் பொருள். ஏழு மாலைகள் சபை அழைத்த அழைப்புக்கு இது பதில்போல் அமைந்திருக்கிறது.

பிரியமானவர்களே, இந்தப் பெயர்கள் வெறும் அலங்காரங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறைவைச் சொல்லி ஏறெடுக்கும் விண்ணப்பம். இந்த ஆட்வென்ட் காலக் குடும்ப ஜெபத்தில் நாளுக்கு ஒரு பெயரை எடுத்து, அந்தப் பெயர் யாருக்குத் தேவையோ அவர்களைப் பெயர் சொல்லி ஜெபிப்போம். இம்மானுவேல் நம்மோடு இருப்பாராக. ஆமென்.