பூனையை அடைத்து வளர்த்தல் தகுமோ?

குன்றத்தூரில் எங்கள் இல்லத்தில் பூனை வளர்ப்பது மூன்று தலைமுறையாக வந்த வழக்கம். சென்ற ஆனியில் எங்கள் பூனை இரவில் வெளியே சென்று, பல்லாவரம் சாலையில் லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. அதற்கு முந்தின வாரந்தான் அது ஒரு தவிட்டுக்குருவிக் குஞ்சைக் கவ்வி வந்து என் பாயருகே இட்டிருந்தது. இப்போது வேறொரு குட்டி வந்திருக்கிறது. அதனை அடைத்து வளர்ப்பதா, உலவ விடுவதா என்பதில் வீட்டார் இரு கட்சியாயினர். "அடைத்து வைத்த பூனை எலி பிடிக்குமா?" என்பது பாட்டியாரின் வினா.

அவ்வினா காரணமற்றதன்று. பூனை மனிதனை அண்டியதே தானியத்தின் பொருட்டு வந்த எலியால்தான். சைப்ரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதன் அருகே பூனையும் கிடத்தப்பட்டிருந்தது. பாட்டியார் வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் எங்கள் வீட்டில் நெற்குதிர் இருந்தது. பூனைக்கும் உத்தியோகம் இருந்தது. இன்று குதிருமில்லை; வயலும் மனைகளாயிற்று. எஞ்சியது தெருக்குப்பையும் அதில் கொழுத்த பெருச்சாளியுமே. பெருச்சாளியைக் கண்டால் எங்கள் பழைய பூனை மதில்மேல் ஏறிக்கொள்ளும்! அதனைக் கோழையென்று இகழவேண்டா. நியூயார்க் நகரத்துக் குப்பைக் கிடங்கொன்றில் 79 நாட்கள் ஒளிப்படக் கருவி வைத்து ஆராய்ந்தோர், அங்குத் திரிந்த பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று 2018-இல் வெளியிட்டனர். பெரிய எலியை விட்டுச் சிறு பறவை, ஓணான், அணில் முதலியவற்றை நாடுவது பூனைக்கு எளிது.

நிற்க. வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்பாருளர். அது பொருந்தாது. வேட்டை உணர்ச்சி பசியைச் சார்ந்தே எழுவதன்று. அஃது அந்தியிலும் வைகறையிலும் மிகும். மாலையில் வேலியருகே வெருகு வரக் கண்ட மனைக்கோழி அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைப்பதைக் குறுந்தொகை காட்டுகிறது. வெருகு காட்டுப்பூனை, வேறு சாதி. எனினும் பொழுதறிந்து புறப்படுவதில் இரண்டும் உறவினரே.

நியூசிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் அமைந்தபோது பூனைகளும் சென்றன. அங்கிருந்த சிறு குருவியினமொன்று சில ஆண்டுகளுக்குள் பூண்டோடு அழிந்தது. நம் நாட்டுப் பறவைகள் பூனையினத்தோடு நெடுநாள் பழகியவை. ஆதலின் அத்துணைக் கேடு இங்கு நேராதென்று வாதிக்கலாம். ஆயினும் தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கு, வேலிக்கு வேலி ஒரு பூனை இருந்தால் எவ்விடம் அடைக்கலம்? தாம்பரத்தில் நமது கல்லூரிப் புதர்க்காட்டில் உலாவுவோர் இதனை எண்ணிப் பார்க்க. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவில், 2022 ஜூலை முதல் நாளிலும் அதன் பின்னரும் பிறந்த பூனைகளை வீட்டெல்லைக்குள் வைத்தல் சட்டமாயிற்று.

அடைப்பதிலும் குறையுண்டு. வேலையற்ற பூனை கொழுக்கும், மெத்தையைப் பிறாண்டும், ஓலமிடும். ஆனால் அதற்கு வேண்டுவது தெருவா, வேட்டையா என்பதே கேள்வி. 2021-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியொன்று இதற்கு விடை தருகிறது. இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டிற்குக் கொணர்ந்த இரை நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டப்பெற்றவற்றில் 25 பங்கு குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்டுப் பழகிய நமக்கு இஃது ஒரு வேடிக்கைச் செய்தி.

எங்கள் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று; பூனை கடித்தும் அந்நோய் வரும் என்பதைப் பலர் அறியார். பருவம் வந்ததும் கருத்தடை செய்விப்போம். பகலில் வலையடித்த மாடியில் அது வெயில் காயும். கயிற்றில் கோழியிறகு கட்டி இழுப்பது தம்பியின் பொறுப்பு. பாட்டியார் இன்னும் உடன்பட்டாரல்லர். எனினும் விளக்கேற்றியதும், குட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழிடுபவர் அவரே.